ஆறாம் நம்பர் டேங்க்

கருத்தக்கண்ணன் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது உடம்பைக் குறைக்க அல்ல. அவர் உடம்பில் குறைக்க ஒன்றும் இல்லை. மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை உள்ள நேரத்தை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செல்லூரில் பட்டறை வேலை முடிந்ததும் இருபது வருடமாக அவர் போன இடம் ஒன்று உண்டு. குடியை நிறுத்திய பிறகும் கால் அந்தப் பக்கமே திரும்பியது. பஸ்ஸில் போகலாம் என்றால் ஆரப்பாளையத்தில் இறங்கி மாற வேண்டும், அங்கேயும் கூப்பிடு தூரத்தில் கடை. அதனால் பழைய இரும்புச் சைக்கிள் ஒன்றை வாங்கி, விளாங்குடியில் இருக்கும் தன் வீட்டையும் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் மிதித்துக்கொண்டே போனார். முதலில் சமயநல்லூர் வரை. பிறகு வாடிப்பட்டி. தாகம் அதிகமான நாட்களில் எட்டரையையும் தாண்டிக் கொடைரோடு.

நான் சர்க்கரை நோய்க்காகச் சைக்கிள் ஓட்டுகிறவன். பெயர் ஸ்டீபன், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் சைக்கிளில் இருபத்தோரு கியர் உண்டு. அதன் விலையை என் மனைவி ஐரினிடம் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் பரவை தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, கட்டம்போட்ட சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவர் இரும்புச் சைக்கிளில் என்னை முந்திப் போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாடிப்பட்டி வரை துரத்தியும் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் அவராகவே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அப்படித்தான் பழக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். வாத்தியார் என்பதால் அவர் என்னை சார் என்பார்.

அவர் குடியை விட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சோழவந்தான் பக்கம் ஒரு கருப்பசாமி கோயிலில் குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். கையில் கயிற்றைக் கட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது. என்னென்ன குடிப்பதை விடுகிறாய், எத்தனை வருடத்துக்கு என்று பூசாரி கேட்பார். ஒவ்வொன்றையும் வாயால் பெயர் சொல்ல வேண்டும். நடுவில் குடித்தே ஆக வேண்டும் என்று வந்தால் முதலில் போய்க் கயிற்றை அவிழ்க்க வேண்டும். எங்கள் பங்குக் கோயிலிலும் சபதம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஃபாதர் 'மது' என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார். கருப்பு கோயிலில் அப்படி மொத்தமாக எல்லாம் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில் கருத்தக்கண்ணன் அங்கே நின்று பிராந்தி, ரம், விஸ்கி, கள்ளு என்று நான்கைச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு என்றார். வேறு உண்டா என்று பூசாரி கேட்டதற்கு அம்புட்டுத்தான் என்றார். பக்கத்தில் அவர் மனைவி தமிழ்ச்செல்வியும் நின்றிருந்தார். அவர் அதற்கு முன் எட்டு மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு, கயிறு கட்டினால்தான் வருவேன் என்று சொல்லி வந்தவர். இருவருக்கும் பீர் என்று ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை. கருத்தக்கண்ணனைப் பொறுத்தவரை பீர் என்பது காலேஜ் பையன்கள் குடிப்பது. அதைக் குடி என்று கணக்கில் சேர்த்தால் அவருடைய இருபது வருட உழைப்புக்கே கேவலம்.

அவர் வேலை ஸ்டீல் டேங்க் வெல்டிங். பட்டறை ஜெயபாண்டியுடையது. நூலுக்குச் சாயம் போடும் தொட்டிகள் செய்துகொண்டிருந்தவர்கள், அது குறைந்ததும் பால் டேங்குக்கு வந்தார்கள். பால் டேங்கைப் பார்த்துவிட்டு ஒரு பெங்களூரு காண்ட்ராக்டர் பீர் டேங்க் கேட்டார். அங்கே ஹோட்டலுக்குள்ளேயே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பீர் காய்ச்சி, அங்கேயே கிளாஸில் ஊற்றிக் கொடுக்கும் சின்னச் சின்ன ப்ரூவரிகள் நிறைய. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. ஆறு டேங்க் செய்து மூன்று ப்ரூவரிக்கு இரண்டிரண்டாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒன்று, இரண்டு என்று நம்பர் வெட்டப்பட்டிருக்கும்.

பீர் டேங்கின் அடிப்பாகம் கூம்பு. கூம்பின் முனையில் குழாய். அந்தக் குழாய் சேரும் இடத்தை உள்பக்கமிருந்து பற்றவைக்க வேண்டும். டேங்கைப் படுக்கப்போட்டு, அதன் வாய் வழியாகத் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓட்டத்தில் சுற்றி வர வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷின் அங்கே எட்டாது. வைத்த வெல்டு வைத்தபடிதான். ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் பீர் அதில் தங்கிப் புளிக்கும், அடுத்து காய்ச்சுவதையும் புளிக்க வைக்கும். ஆறு டேங்கிலும் அந்த இடத்தில் வெல்டு வைத்தவர் கருத்தக்கண்ணன். முதல் ஐந்து, கயிறு கட்டுவதற்கு முன். ஆறாவது, கயிறு கட்டிய நாலாம் நாள்.

அதற்குப் பிறகு வந்த பால் டேங்குகளில்கூட அவர் அந்த உள்வேலையைத் தொடவே இல்லை. கண் மங்குகிறது என்று ஜெயபாண்டியிடம் பொய் சொல்லி, அதை பாண்டிராஜ் என்கிற இன்னொரு வெல்டர் தலையில் கட்டிவிட்டார். கால், சட்டம், வெளித்தகடு இவற்றோடு தன்னை நிறுத்திக்கொண்டார். நிஜக் காரணத்தை என்னிடம் மட்டும் ஒருநாள் கொடைரோட்டில் சொன்னார். குடியை விட்டதும் கை நடுங்கியது, ஒரு மாதத்தில் நின்றும் போனது.

"நடுக்கம் நின்னுருச்சு சார். பழைய கை திரும்பி வந்துச்சான்னுதேன் தெரியல" என்றார்.

போன ஏப்ரலில் காண்ட்ராக்டரிடமிருந்து புகார் வந்தது. ஒரு டேங்கில் காய்ச்சுவது திரும்பத் திரும்பப் புளிக்கிறதாம். தண்ணீர், ஈஸ்ட், கழுவுகிற ஆள் என்று ஒரு வருடமாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் டேங்குக்கு வந்திருக்கிறார்கள். எந்த ப்ரூவரி, எந்த நம்பர் என்று கேட்டால் காண்ட்ராக்டர் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அந்த ஆள் விசாரித்துச் சொல்வதற்குள் பொங்கலே வந்துவிடும்.

ஜெயபாண்டிக்கு அவசரம் இல்லை. கருத்தக்கண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் ஐந்தில் ஒன்று என்றால் குடியால் வந்த கேடு. ஆறாவது என்றால் குடியை விட்டதால் வந்த கேடு. கெட்டது எது என்பதைவிட, குடிக்காத தன் கைக்கு அந்த வேலை வருமா வராதா என்பதுதான் அவர் கவலை. நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார். பஸ்ஸில் போக மாட்டேன் என்றார். தனியாகப் பஸ்ஸில் ஒரு ராத்திரி, நடுநடுவே இறங்கி நிற்கிற ஊர்கள், இதையெல்லாம் அவர் தன்னை நம்பி ஒப்படைப்பதாக இல்லை. சைக்கிளில் மட்டும்தான் தன்னை நம்புவார். எனக்கு மே மாத லீவு. நானும் வருகிறேன் என்றேன். பெங்களூருக்கு நானூற்று முப்பது கிலோமீட்டர். ஐரின் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

முதல் நாள் கரூர், இரண்டாம் நாள் தர்மபுரி. வெயிலைப் பற்றி எழுதினால் அது ஒன்றையே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். என் இருபத்தோரு கியரும் தொப்பூர் ஏற்றத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் இறங்கி, நிதானமாகத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் ஓசூரைத் தாண்டி முதல் ப்ரூவரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வியர்வை வழிய இரண்டு கிழவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, டேங்கைப் பார்க்க வேண்டும் என்றதும் வாட்ச்மேன் விடவில்லை. உள்ளேயிருந்து பீர் காய்ச்சும் மாஸ்டர் வந்தார். தாடி வைத்த கோலார்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். இந்த டேங்கைச் செய்த ஆள் இவர்தான் என்று நான் சொன்னதும் அவர் கருத்தக்கண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை இதற்கு முன் யாரும் குலுக்கியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அதைச் சிறிது நேரம் தனியாகவே வைத்திருந்தார்.

இரண்டாம் நம்பர் டேங்க் காலியாக இருந்தது. என் போனைக் கொம்பில் கட்டி உள்ளே விட்டுப் படம் எடுத்தோம். குழாயைச் சுற்றி ஒரே அளவில், ஒரே சாய்வில், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய மீன் செதில் மாதிரி வரிகள். மெஷின் வைத்ததா என்று மாஸ்டர் கேட்டார். கருத்தக்கண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்த அன்று காலையிலேயே ஒரு கட்டிங் போட்டிருந்ததாக வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

நிறைந்திருந்த மற்ற டேங்க் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார்கள். கருத்தக்கண்ணன் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். புளிக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாமே கசந்தன. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடித்தேன். சர்க்கரையை நினைத்துக்கொண்டேதான் குடித்தேன்.

மறுநாள் காலை இரண்டாவது ப்ரூவரி. மூன்றும் நாலும் நிறைந்திருந்தன, உள்ளே பார்க்க முடியவில்லை. புகார் எதுவும் இல்லை என்றார்கள். அங்கேயும் எனக்கு நாலு கிளாஸ். வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, என் வாழ்க்கையில் நான் பேசிய மிக முட்டாள்தனமான பேச்சைப் பேசினேன். அண்ணே, நீங்கள் கோயிலில் சொன்ன நாலில் பீர் இல்லையே, கருப்புகூட உங்களை ஒன்றும் கேட்க முடியாதே என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, எந்தக் கணக்கை எங்கே போடக் கூடாது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

மூன்றாவது ப்ரூவரியில்தான் புகார். டேங்கின் கால் பக்கம் குனிந்து பார்த்தேன். ஆறு.

காய்ச்சுவதை நிறுத்திக் காலியாக வைத்திருந்தார்கள். கருத்தக்கண்ணன் தானே தலையையும் தோளையும் உள்ளே விட்டு, விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. போனில் எடுத்த படத்தை நானும் பார்த்தேன். வரிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஓரிடத்தில் குவிந்து, ஓரிடத்தில் நின்றுபோய், மறுபடியும் ஆரம்பித்திருந்தன. நின்று ஆரம்பித்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. கை எங்கெங்கே நடுங்கியது என்று என்னைப் போன்ற ஆள்கூடச் சொல்லிவிடலாம். செல்லூரில் அன்று தண்ணீர் மட்டும் ஊற்றிப் பார்த்தபோது அது ஒழுகவில்லை. குழி பாதி ஆழத்தோடு நின்றுவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

டேங்கைத் திருப்பி அனுப்பச் சொல்லி, சரிசெய்து கொடுப்பதாக அவரே போனில் ஜெயபாண்டியிடமும் அங்கிருந்த மேனேஜரிடமும் பேசி முடித்தார். தப்பு என்னுடையது என்று இருவரிடமும் சொன்னார். திரும்பும் வழியில் தர்மபுரி தாண்டும் வரை எனக்கு முன்னாலேயே மிதித்துக்கொண்டு போனார். தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், நெசமாவே பீரு கயித்துல வராதுல்ல?"

நான் விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். விளையாட்டோ வினையோ, கணக்கு சரிதானே என்றார். அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. குடித்துவிட்டு வைத்தது மீன் செதில், குடிக்காமல் வைத்தது குப்பை, படம் இருக்கிறது பாருங்கள் என்று மட்டும் சொன்னார். கயிறு கட்டிய நாலாம் நாள் கை வேறு, இன்றைய கை வேறு என்று கரூர் வரை வாதாடினேன். வாத்தியார் பேச்சுக்குத் தலையாட்டுகிற பையன் மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து டேங்க் செல்லூருக்கு வந்தது. லாரி சந்துக்குள் நுழையாது என்று மெயின் ரோட்டில் குட்டியானை வேனில் மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாண்டிராஜ் செய்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வைத்த வெல்டை இன்னொருவர் பிரிக்க மாட்டார். கெட்டுப்போனாலும் வைத்தவரே வந்து அறுத்து, வைத்தவரே திரும்ப வைக்க வேண்டும். ஆள் செத்துப்போனால் மட்டும்தான் அடுத்தவர் கை வைப்பார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜெயபாண்டி எனக்குப் போன் செய்தார். கருத்தக்கண்ணன் மாப்ள ஒன்பது மணிக்குப் பழைய வெல்டை அறுத்துச் சுத்தம் செய்துவிட்டார், அதிலிருந்து டேங்க் முன்னாலேயே நிற்கிறார், வைக்கவும் மாட்டேன் என்கிறார், விட்டுவிட்டுப் போகவும் மாட்டேன் என்கிறார் என்றார். நான் போனேன். கருத்தக்கண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே துண்டில் சுற்றி ஒரு பீர் பாட்டில். முதல் நாளே வாங்கியிருக்கிறார். இன்னும் திறக்கவில்லை. இந்த ஒரு வெல்டுக்கு மட்டும் என்றார். இந்த ஒன்று சரியாக வந்துவிட்டால் போதும் என்றார். அதைச் சொன்னபோது அவர் கை நடுங்கவே இல்லை.

நான் சந்துக்கு வெளியே வந்து தமிழ்ச்செல்விக்குப் போன் செய்தேன். நண்பனைக் காட்டிக்கொடுப்பது சரியா என்று யோசிக்கவில்லை. அந்தப் பாட்டிலை அவர் பையில் வைத்தவன் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் விளாங்குடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. பையைத் திறந்து பாட்டிலை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி டேங்கின் பக்கத்தில் தரையில் வைத்தார். கருத்தக்கண்ணன் கீழே பார்த்துக்கொண்டே, பூசாரியிடம் பீர் என்று சொல்லவில்லை, அதனால் கயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினார். தமிழ்ச்செல்வி முழுவதையும் கேட்டார்.

"பூசாரி கேக்கையில நானும் பக்கத்துலதேன் நின்னேன். எனக்கும் தோணல. அது உங்களுக்கும் சாமிக்கும். எங்கிட்ட சத்தியம் பண்ணையில நீங்க லிஸ்ட்டா போட்டீக?"

தமிழ்ச்செல்வி ஒரு காலி டிரம்மை இழுத்துப் போட்டு, பாட்டிலுக்கும் டேங்குக்கும் எதிரே உட்கார்ந்தார். குடிப்பதென்றால் குடியுங்கள், நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

கருத்தக்கண்ணன் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு டேங்கின் வாய்க்குப் போனார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, தலையையும் தோளையும் டேங்குக்குள் நுழைத்தார். எங்களுக்கு அவர் முதுகும் கால்களும் மட்டும்தான் தெரிந்தன. உள்ளே நீல வெளிச்சம் எரிந்தது. பாதியில் அணைந்தது. பாண்டிராஜ் என்னைப் பார்த்தார். அறுக்கும் சத்தம் கேட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று ஜெயபாண்டி மெதுவாகச் சொன்னார். மறுபடி வெளிச்சம். இந்தத் தடவை அது அணையவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, நடுவில் எண்ணிக்கை தவறிப்போய் விட்டுவிட்டேன்.

அவர் வெளியே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். சூடு ஆறியதும் ஜெயபாண்டி புகார் வந்த பிறகு வாங்கிவைத்த சிவப்பு மையை எடுத்துவந்து அந்த இடத்தில் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார். குழி ஏதாவது இருந்தால் அதற்குள் தங்கிய மை வெள்ளையில் சிவப்பாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தமிழ்ச்செல்வி டிரம்மிலிருந்து எழுந்து வந்து, டேங்கின் வாயில் தலையை விட்டு, என் போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு இல்லை என்று அவர் சொன்னதும் ஜெயபாண்டி தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, தேவலாம் மாப்ள என்றார்.

கருத்தக்கண்ணனுக்கு அதில் திருப்தி இல்லை. பொடியைத் துடைத்துவிட்டுப் புது வெல்டைப் படம் எடுக்கச் சொன்னார். அதையும் பெங்களூரில் எடுத்த இரண்டாம் நம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவியிடம் காட்டச் சொன்னார். காட்டினேன். இன்று வைத்ததில் வரிகள் நெருக்கமாகவும் அகலமாகவும் மாறி மாறி இருந்தன. குழி இல்லை, அவ்வளவுதான். பழையது அழகாகவே இருந்தது. அதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

"பாரு தமிழு, இது குடிச்சிட்டு வச்சது. எம்புட்டு அழகா இருக்கு. அந்தக் கை போயிருச்சு, இனி வராது" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

தமிழ்ச்செல்வி பழைய படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார்.

"நல்லாத்தேன் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் இதே கை வீட்டுக்கு வந்து என்ன செஞ்சுச்சுன்னு எனக்குத்தேன் தெரியும். போனது போனதாவே இருக்கட்டும்."

கருத்தக்கண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனார்.